வீட்டுக் கொந்தரப்பு யார் கையில்?

கொந்தரப்பு என்ற சொல்லை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கொழுந்து, முள்ளுக்குத்து, கவ்வாத்து, கான் வெட்டு என்று பேர் போடாமல் காசுக்கு விடும் வேலை எதுவானாலும் அது கொந்தரப்புத்தான். இவ்வளவு வேலை, இவ்வளவு காசு. செய்பவர் ஒருவர், அளப்பவர் இன்னொருவர். தராசுக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்குத்தான் தெரியும், அளப்பவர் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறதென்று.

இப்போது அந்தச் சொல் நமது வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது. 2017 மே மாதம் நோர்வூட்டில் நடந்த பெருங்கூட்டத்தில் இந்தியப் பிரதமர் மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். கைதட்டினோம். ஆண்டுகள் பல இழுபட்டு, 2024 பெப்ரவரியில்தான் அதன் முதற்கட்டத்துக்குத் தொடக்க விழா நடந்தது. லயக்காம்பறாவில் மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தனி வீடு வருவதில் குறை சொல்ல நமக்கு எதுவும் இல்லை. நாம் கேட்பது வேறு. பணம் யார் கணக்கில் விழுகிறது? கல்லையும் சீமெந்தையும் எண்ணி எடுப்பவர் யார்? மேசன், தச்சன், வயரிங்காரர், பைப் வேலைக்காரர், வர்ணம் பூசுகிறவர் எல்லோரையும் ஒருவருக்குப் பின் ஒருவராகக் கொண்டு வந்து வேலை வாங்குபவர் யார்? வேலை பிழைத்தால் யாருடைய கதவைத் தட்டுவது? நாட்டில் இதற்கு முன் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்தக் கேள்விகளுக்கு முகங்கொடுத்திருக்கின்றன. அதில் மன்னாரின் அனுபவம் நமக்கு நெருக்கமானது.

மன்னார் நமக்கு அந்நிய இடமல்ல. நமது மூதாதையர் கடல் தாண்டி வந்து கால் வைத்த கரை அது. அங்கிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்ததில் வழியிலேயே மாண்டவர்களுக்குக் கணக்கில்லை. 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பிறகும் வந்து இறங்கியது அங்கேதான். 2023 ஜூலை 28 தொடக்கம் ஓகஸ்ட் 12 வரை ‘மாண்புமிகு மலையக மக்கள்’ நடைபயணம் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு வந்ததும் அந்தப் பாதையை நினைத்துத்தான். 1958, 1977, 1981 வன்செயல்களில் அடிபட்டு வடக்கே போய்க் குடியேறிய நம்மவர்களின் பிள்ளைகள் இன்றும் வவுனியா, கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களில் இருக்கிறார்கள். இன்னொரு தொடர்பும் உண்டு. தோட்டத்தில் சம்பளம் போதாமல் வெளியே போகும் நமது இளைஞர்களில் ஒரு பகுதியினர் கட்டட வேலைக்குத்தான் போகிறார்கள். மன்னார்க் கரைக்கும் போகிறார்கள்.

யுத்தம் முடிந்தபோது அந்தக் கரையில் வீடு என்று சொல்லக்கூடியவை மிகக் குறைவு. மடு, மாந்தை மேற்குப் பக்கத்தில் இடம்பெயர்ந்த ஊர்கள் சுவரும் கூரையும் இல்லாமல் கிடந்தன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் இருபது ஆண்டுகளுக்குப் பின் எருக்கலம்பிட்டிக்கும் முசலிக்கும் திரும்பியபோது, பலருடைய காணியைக் காடு மூடியிருந்தது. இந்திய வீடமைப்புத் திட்டம் வந்தது இந்த நிலையில்தான். மொத்தம் 50,000 வீடுகள் என்று 2010-இல் அறிவித்தார்கள். அதில் வட மாகாணத்துக்கான முதல் 1,000 வீடுகளைக் கம்பனிகளிடம் கொந்தரப்புக்கு விட்டுக் கட்டி 2012 ஜூலையில் முடித்தார்கள். சாவியை வாங்கிக் கதவைத் திறப்பதுதான் வீட்டுக்காரரின் வேலை. அடுத்து வடக்கிலும் கிழக்கிலும் 45,000 வீடுகளுக்கு வழியை மாற்றினார்கள். 2012 ஒக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த அந்த முறையில், புதிய வீட்டுக்கான 550,000 ரூபா கட்டம் கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே போனது. கட்டுவது அவர் பொறுப்பு. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்து, வேலை இந்த மட்டத்துக்கு வந்துவிட்டது என்று ஒப்பமிட்டால்தான் அடுத்த கட்டக் காசு.

அதாவது, கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவரும், கருவாடு காய வைத்துக்கொண்டிருந்தவரும், கணவனை இழந்து பிள்ளைகளோடு தனியே நின்ற பெண்ணும் ஒரே நாளில் கொந்தரப்புக்காரர் ஆனார்கள்.

அந்த வேலையில் என்னென்ன இருந்தது என்பதை நமது வாசகர்கள் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். முதலில் மண். மன்னார்த் தீவு மணல் தரை. காலால் கிளறினால் மணல் வருகிறது என்பதற்காக அதை அள்ளிச் சாந்து குழைக்க முடியாது. கடற்கரை மணலில் உப்பு இருக்கும். அது சுவரில் பூத்துப் பூச்சைத் தள்ளும், கம்பியைத் தின்னும். எனவே பெருநிலத்திலிருந்து ஆற்று மணலை டிப்பரில், கியூப் கணக்கில் இறக்க வேண்டும். தண்ணீரும் அப்படித்தான். கிணற்றுத் தண்ணீர் உவரானால் அதில் கொங்கிறீட் போடக்கூடாது, கட்டிய சுவரை நனைக்கவும் கூடாது. ஆகவே தண்ணீருக்கும் பவுசருக்குக் காசு. கம்பியைக் கொங்கிறீட்டுக்குள் ஆழமாக வைக்காமல் மேலோட்டமாக வைத்தால், உப்புக் காற்றில் சில ஆண்டுகளிலேயே லின்டல் வெடித்துத் துரு வடியும். சீமெந்துப் பையை வெறுந்தரையில் அடுக்கினால் ஈரத்தில் கட்டி பிடிக்கும். பலகை போட்டு, சுவரில் முட்டாமல் அடுக்க வேண்டும், வாங்கிய கையோடு பாவித்து முடிக்க வேண்டும். காசு வந்துவிட்டதே என்று ஐம்பது பையை ஒரேயடியாக இறக்கியவர் நட்டப்பட்டார்.

பிறகு வரிசை. அத்திவாரம், கட்டு, லின்டல், கூரை, பூச்சு, தரை என்று வாயால் சொல்வது சுலபம். வயரிங் குழாயைச் சுவருக்குள் பதிக்காமல் பூச்சை முடித்துவிட்டால், பிறகு அதே பூச்சைக் கொத்த வேண்டும். மேசன் கூலியும் போச்சு, சீமெந்தும் போச்சு. கூரைச் சுவர் ஏறும்போதே மரம் வந்திருக்காவிட்டால் தச்சன் வேறு வீட்டுக்குப் போய்விடுவான், அவன் திரும்பி வரும்வரை மேசனுக்கும் வேலையில்லை. நிலையும் யன்னலும் எந்த அளவில் வரும் என்று தெரியாமல் கட்டினால், நிலை வந்த அன்று சுவரை உடைக்க நேரும். ஒருவரின் வேலை இன்னொருவரின் வேலையில் இப்படிப் பூட்டியிருக்கிறது. அந்தப் பூட்டுகளின் சாவிக் கொத்தைக் கையில் வைத்திருப்பதற்குத்தான் கொந்தரப்பு என்று பேர். வீட்டைக் கட்டியவர் மேசன். மேசனைக் கட்டி மேய்த்தவர் அந்த வீட்டுக்காரி. எழுத்துக் குறைந்த பெண்கள் கூட இந்த வேலையைச் செய்து முடித்தார்கள் என்பதை நாம் மறக்கக்கூடாது. ‘தோட்டத்து ஆட்களுக்கு இதெல்லாம் தெரியாது, நாங்களே கட்டித் தருகிறோம்’ என்று நம்மிடம் பேச வருகிறவர்களுக்கு அதுவே பதில்.

இதைச் சொல்லி மன்னாரைச் சொர்க்கமாகக் காட்டுவது நமது நோக்கமல்ல. ஒரே காலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழும்பியதால் மேசனுக்கும் தச்சனுக்கும் தட்டுப்பாடு வந்தது. மூன்று வீட்டில் முற்பணம் வாங்கி மூன்றையும் அரைகுறையாக விட்டுப் போனவர்கள் உண்டு. மணல், மரம், கல் எல்லாம் விலை ஏறியது. 550,000 ரூபா ஒரு வீட்டை முழுதாக முடிக்கப் பலருக்குப் போதவில்லை. அடுத்த கட்டக் காசு வர வேண்டுமானால் இந்தக் கட்டம் முடிய வேண்டும், இந்தக் கட்டத்தை முடிக்கக் கையில் காசில்லை. தாலிக்கொடி அடகுக்குப் போனது. நுண்கடன்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள். கிராமக் குழு நன்றாக இயங்கிய இடத்தில் பொருளைச் சேர்ந்து வாங்கினார்கள், தனித்து நின்ற விதவையின் வேலையை அயலவர் பார்த்துக்கொண்டார்கள். குழு பேருக்கு மட்டும் இருந்த இடத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியே ஏமாந்தார்கள். சங்கம் நடத்துகிற நமக்கு இது ஒன்றும் புதிய பாடமல்ல.

பின்னால் வந்த வேறு அரச வீடமைப்பு வேலைகளில் இதைவிட மோசமும் நடந்தது. 2018, 2019 ஆண்டுகளில் கட்டம் கட்டமாகக் காசு தருவதாகச் சொல்லித் தொடங்கிய வீடுகள், ஆட்சி மாறியதும் பாதியில் நின்றன. வடக்கில் இருந்த கொட்டிலையும் பிரித்துவிட்டு அத்திவாரம் போட்டவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அதற்குமேல் 2022-இல் சீமெந்துப் பை இரண்டாயிரம் ரூபாவைத் தாண்டிப் போனபோது அவர்கள் நிலை என்னவாகியிருக்கும் என்பதை எழுதத் தேவையில்லை.

ஆனாலும் ஒன்று. 2016 அளவில் வடக்குக்கும் கிழக்குக்கும் 65,000 உருக்கு வீடுகளை ஒரே வெளிநாட்டுக் கம்பனியிடம் கொடுத்து இறக்கும் யோசனையை அரசாங்கம் கொண்டு வந்தது. ஒரு வீட்டின் விலை இருபது இலட்சத்துக்கும் மேலே. கல்லும் சீமெந்தும் கொண்டு அதன் பாதி அளவு காசில் வீடு கட்ட முடியும் என்பதை அந்த மக்கள் வாதத்தால் அல்ல, தாங்களே கட்டிப் பார்த்த அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். வெயிலுக்கு அந்த வீடு எப்படிக் காயும், இணைத்த இடம் பழுதானால் யார் திருத்துவது, ஊர் மேசனுக்கு அதில் என்ன வேலை என்று கேள்விகள் கிளம்பின. பொறியியலாளரும் மக்கள் பிரதிநிதிகளும் எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. தன் வீட்டுக்கு எத்தனை பை சீமெந்து போனது என்று தெரிந்தவரை விலைப்பட்டியல் காட்டி ஏமாற்றுவது கஷ்டம். அந்த 45,000 வீடுகள் கொடுத்த பெரிய இலாபமாக நாம் இதைத்தான் கருதுகிறோம்.

நமது பக்கம் திரும்புவோம். மத்திய, ஊவா மாகாணங்களில் 2016 முதல் கட்டப்பட்ட 4,000 இந்திய வீடுகளுக்குத் தலா 950,000 ரூபா ஒதுக்கினார்கள். மக்களும் கூட்டுறவுச் சங்கங்களும் சேர்ந்து முன்னெடுக்கும் முறை என்று அதற்குப் பேர். நல்ல பேர்தான். ஆனால் காலை ஏழு மணிக்கு மலைக்கு ஏறிப் பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு இறங்கும் பெண், டிப்பர் வந்து மணல் கொட்டும்போது அளவு பார்க்க எப்படி நிற்பாள்? மன்னாரில் லொறி படலை வரை போகும். தோட்டத்தில் பாதை முடியும் இடத்தில் கல்லை இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அங்கிருந்து வீட்டு மேடைக்குத் தலைச்சுமையாக ஏற்ற வேண்டும். அந்தச் சுமைகூலி மதிப்பீட்டில் இருக்கிறதா என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? கரையில் உப்பு என்றால் இங்கே மழையும் சரிவும். மண்ணை வெட்டி மேடை போட்டால் தாங்குசுவர் வேண்டும், வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் வடியக் கான் வேண்டும். 2014 ஒக்டோபர் 29-இல் மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதை மறந்துவிட்டு, சமதரையில் கட்டும் வீட்டின் கணக்கை வைத்து மலையில் வீடு கட்டச் சொல்வது அநியாயம்.

காணி இல்லாதவர் தன் வீட்டுக்குக் கொந்தரப்புக்காரர் ஆக முடியாது என்பதும் மன்னார் காட்டிய உண்மைதான். அங்கே உறுதிப் பத்திரம் இல்லாதவர்கள்தான் பட்டியலில் பின்னுக்குத் தள்ளுண்டார்கள். வன்னியில் குடியேறிய நம்மவர்கள் பலருக்கும் அந்தச் சங்கடம் இருந்தது. இங்கே முன்னைய திட்டங்களில் கட்டிய வீட்டுக்குச் சம்பளத்தில் மாதாமாதம் கடன் கழித்தார்கள். கடன் தீர்ந்த பின்னும் பலர் கையில் உறுதி வரவில்லை. 7 பேர்ச் காணியும் அதன் உறுதியும் முதலில், அத்திவாரக் கல் அதற்குப் பிறகு என்பதில் சங்கம் விட்டுக்கொடுக்காது.

இனி, கொந்தரப்புக்காரர்களின் கீழ் வேலை செய்யும் நமது பிள்ளைகளைப் பற்றி. மேசன் ஒருவருக்கு நாளொன்றுக்குக் கிடைப்பது தோட்டத்து நாட்சம்பளத்தில் இரண்டு மடங்குக்கு மேல். அதனால் பிள்ளைகள் போகிறார்கள், போக வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் அவர்கள் மேசனாகப் போவதில்லை, கையாளாகப் போகிறார்கள். பல ஆண்டு கழித்தும் கையாளாகவே திரும்பி வருகிறார்கள். நமது கிளை ஒன்றுக்கு வந்த முறைப்பாடு இது: நான்கு தம்பிமார் மன்னார்ப் பெருநிலத்தில் ஒரு வேலைத்தளத்துக்குப் போனார்கள். சாப்பாடும் தங்குமிடமும் தருவதாகப் பேச்சு. வாராவாரம் செலவுக்கு மட்டும் சில நோட்டுகள், மீதி முடிவில். லின்டல் மட்டம் வரை வேலை வந்தது. கூட்டிப் போனவர் ஊருக்குப் போய் வருவதாகச் சொல்லிப் போனார், வரவில்லை. மேலே வேலையை எடுத்தவரிடம் கேட்டால், ‘நான் அவருக்குக் கொடுத்துவிட்டேன், உங்களை எனக்குத் தெரியாது’ என்றார். பஸ்ஸுக்குக் காசில்லாமல் பிள்ளைகள் வீடு வந்து சேர்ந்தார்கள். எத்தனை நாள் வேலை செய்தோம் என்று எழுதி வைத்த ஒரு துண்டு கூட அவர்களிடம் இல்லை.

கூட்டிப் போகிறவர், முற்பணம் கொடுக்கிறவர், சம்பளத்தைத் தன் கையால் பிரித்துக் கொடுக்கிறவர், கணக்கைத் தன் கொப்பியில் மட்டும் வைத்திருக்கிறவர் – இந்த ஆளை நமது பாட்டன்மாருக்கு நன்றாகத் தெரியும். கங்காணி என்று அவருக்குப் பேர். பற்றுச்சீட்டில் கடனை எழுதி ஆளைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய துண்டு முறையை 1921-இல் சட்டம் போட்டுத்தான் நிறுத்தினார்கள். நூறு ஆண்டுக்குப் பிறகு அதே ஆள் கையடக்கத் தொலைபேசியோடு வந்து நிற்கிறார். நேர்மையான கொந்தரப்புக்காரர்கள் இல்லையென்று நாம் சொல்லவில்லை. தன் காசைப் போட்டு ஆட்களுக்குச் சனிக்கிழமைச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரர் காசுக்கு மாதக்கணக்கில் அலைகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் எழுத்துக் கணக்கு நல்லதுதான்.

சட்டம் இந்தப் பிள்ளைகளைக் கைவிடவில்லை, அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். கட்டட வேலைக்குச் சம்பளச் சபை உண்டு. 1958-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் கட்டடத் தொழிலாளிக்கும் உண்டு: தொழில் கொடுப்பவர் நூற்றுக்கு 12, தொழிலாளி 8. அதற்குமேல் நம்பிக்கை நிதிக்கு 3. சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தால் 1934-ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. உப கொந்தரப்பு என்று கையைக் காட்டிவிட்டு மேலே உள்ளவர் சுலபமாகத் தப்ப முடியாது. ஆனால் எந்தத் தொழில் அலுவலகத்துக்குப் போனாலும் முதல் கேள்வி, யாரிடம் வேலை செய்தாய், எத்தனை நாள் என்பதுதான். அதனால், வேலைக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையும் வேலை எடுத்தவரின் பேரும் விலாசமும், தினம் செய்த வேலையும், வாங்கிய காசும் எழுதிய சின்னக் கொப்பி ஒன்றை வைத்திருக்க வேண்டும். தொலைபேசியில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினாலும் போதும்.

கையாளாகப் போனவர் மேசனாகவும், மேசன் கொந்தரப்புக்காரராகவும் உயர வழியும் இருக்கிறது. வேலை தெரிந்தும் சான்றிதழ் இல்லாதவர்களைச் செய்து காட்டச் சொல்லிப் பரிசோதித்து, தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை பல ஆண்டுகளாக நடக்கிறது. ஐந்து ஆண்டு சாந்து குழைத்துக் கல் கட்டியவர் மறுபடி பள்ளிக்கூடம் போகத் தேவையில்லை. கொந்தரப்புக்காரர்களைப் பதிவு செய்ய 2014-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை இருக்கிறது. அதன் சிறிய படிகளில் நம்மவர்களின் பேர் ஏன் இருக்கக்கூடாது? தோட்டத்தில் எழும்பும் வீட்டைத் தோட்டத்துப் பிள்ளைகளின் குழுவே எடுத்துக் கட்டினால், கூலி தோட்டத்துக்குள்ளேயே நிற்கும். பிழை விட்டாலும் ஆள் பக்கத்து லயத்தில்தான் இருப்பான், ஓடிவிட முடியாது.

ஆகவே அதிகாரிகளிடம் நமது கோரிக்கைகள் இவை. மதிப்பீட்டின் தமிழ்ப் பிரதி ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் இருக்க வேண்டும், அதில் சுமைகூலியும் தாங்குசுவரும் தனித்தனியே காட்டப்பட வேண்டும். பணத்தை விடுவிக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் வீட்டுக்காரரின் ஒப்பமும் வேண்டும், உத்தியோகத்தரின் ஒப்பம் மட்டும் போதாது. கம்பனி கட்டினாலும் ஒரு பங்குக் காசை ஒரு மழைக்காலம் முடியும் வரை நிறுத்தி வைக்க வேண்டும். கூரை ஒழுகுகிறதா என்பதை ஆனி ஆடி மழைதான் சொல்லும், அடிக்கல் நாட்டும் விழாவில் அது தெரியாது. வீடு எழும்பும் நாட்களில் தோட்டக் கமிட்டி தெரிவு செய்யும் ஒருவருக்குப் பேர் போட்டு, பொருள் இறக்கும் இடத்தில் நிற்கவிட வேண்டும்.

கிளைத் தலைவர்களுக்கு ஒரு வேலை. வீடு ஒதுக்கப்பட்ட குடும்பங்களை, குறிப்பாகப் பெண்களை, அடுத்த மாதக் கூட்டத்துக்கு அழையுங்கள். உங்கள் தோட்டத்திலிருந்து வெளியே போய் மேசன் வேலை செய்யும் தம்பி ஒருவரையும் கூட்டி வாருங்கள், அளவு நாடாவோடு. பதினாறு அங்குல நீளமும் எட்டு அங்குல உயரமும் என்று கணக்கு வைக்கும் சீமெந்துக் கல்லில், கட்டுச் சாந்தையும் சேர்த்து, நூறு சதுர அடிச் சுவருக்குச் சுமார் 112 கல் போகும். உடைவதற்கு ஐந்தாறு கூட்டிக்கொள்ளலாம். கதவு, யன்னல் வரும் இடத்தைக் கழிக்க வேண்டும். நூறு கன அடி மணல் ஒரு கியூப். டிப்பரின் பெட்டியை நீளம், அகலம், உயரம் அளந்து பெருக்கினால் ஏமாற்று எங்கே என்று தெரிந்துவிடும். கூட்டம் நடக்கும் மண்டபத்தின் சுவரையே முதலில் அளந்து பாருங்கள்.